கூடும் உயிரும்: இரு திரைப்படங்கள் – ஓர் ஒப்பாய்வு

ஒரு படைப்பு வேறொரு வடிவத்திற்கு மாற்றப்படும்போது, ‘மூலத்தைப் போல் இருக்கிறதா?’ என்னும் வினாவே முதலில் எழுகிறது. மாணவர் எழுதும் ஒப்பீட்டுக் கட்டுரைகளும் பெரும்பாலும் இவ்வினாவின் வழியிலேயே செல்கின்றன. இன்ன காட்சி இரண்டிலும் உண்டு, இன்ன காட்சி ஒன்றில் இல்லை என்று பட்டியலிட்டு, கூட்டிக் கழித்து முடிவு கூறுவது எளிது. ஆனால், காட்சிகள் பலவும் அச்சு மாறாமல் ஒத்திருந்தும், கருத்து நேர் எதிர்த் திசையில் சென்றுவிட்ட படைப்பை என்னென்று மதிப்பிடுவது? பட்டியல் முறை இங்கே கைகொடுப்பதில்லை.

இதற்குப் பொருத்தமான சான்று ‘கோஸ்ட் இன் த ஷெல்’ என்னும் ஜப்பானியப் படைப்பு. மாசாமுனே ஷிரோ என்பார் 1989இல் தொடங்கிய சித்திரக் கதைத் தொடர் அது. 1995இல் மாமோரு ஓஷீயின் இயக்கத்தில், கசுனோரி இத்தோவின் திரைக்கதையில், கென்ஜி கவாயின் இசையில் அது அனிமே எனப்படும் ஜப்பானிய ஓவியப்படமாயிற்று. கையால் வரைந்த ஓவியங்களையும் கணினி வழி உருவாக்கிய காட்சிகளையும் இணைத்துச் செய்யப்பட்ட அப்படம், ஜப்பானுக்கு வெளியே பெரும் புகழ் பெற்றது. 1999இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ படத்தின் இயக்குநர்கள், தாங்கள் எடுக்க நினைக்கும் படம் எத்தகையது என்று தயாரிப்பாளருக்கு விளக்குவதற்கு இந்த ஓவியப்படத்தையே போட்டுக் காட்டினர் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. இதே கதையை 2017இல் ரூபர்ட் சாண்டர்ஸ் நடிகர்களைக் கொண்டு ஆங்கிலத்தில் எடுத்தார். ஸ்கார்லெட் ஜொஹான்சன் கதைத்தலைவியாக நடித்தார். 110 மில்லியன் அமெரிக்க வெள்ளி செலவில் உருவான அந்த நடிப்புப்படம், உலகெங்கும் சேர்த்து 170 மில்லியன் வெள்ளி அளவே ஈட்டியது. விளம்பரச் செலவையும் திரையரங்குகளின் பங்கையும் கருதினால் அது தோல்வியே. எனினும், வசூலை வைத்துப் படைப்பை எடைபோடுவது திறனாய்வாளர் வேலையன்று.

முதலில் தலைப்பை நோக்குதல் வேண்டும். ‘ஷெல்’ என்பது கூடு. ‘கோஸ்ட்’ என்பது இங்குப் பேயைக் குறிக்கவில்லை. உடலுக்குள் இருந்துகொண்டு ‘நான்’ என்று உணரும் ஒன்றைக் குறிக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாயும் கலையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்க்கு இத்தலைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும், ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்வது நலம். சித்தர் கதைகளில் கூடுதான் மாறும், பாய்பவர் மாறுவதில்லை. ஓஷீயின் படத்திலோ கூடு மாறும்போது பாய்பவரும் வேறொருவராகிவிடுகிறார். மாறிய பிறகும் அவரை அதே பெயரிட்டு அழைக்கலாமா என்பதே படம் எழுப்பும் வினா.

கதை 2029ஆம் ஆண்டில் நிகழ்கிறது. மனிதர் தம் மூளையைக் கணினி வலைப்பின்னலோடு நேரே இணைத்துக்கொள்ளும் காலம் அது. மோத்தோகோ குசனாகி என்னும் பெண், பொதுப் பாதுகாப்பு ஒன்பதாம் பிரிவில் மேஜர் பதவி வகிப்பவள். மூளையின் ஒரு பகுதி தவிர அவளிடம் பிறந்த உடல் எதுவும் எஞ்சவில்லை. அவ்வுடலும் அரசுக்குச் சொந்தம். வேலையை விட்டு விலகினால் அதைத் திருப்பித் தரவேண்டும். பிறர் மூளைக்குள் ஊடுருவி அவர்களை ஆட்டிவைக்கும் ‘பொம்மலாட்டக்காரன்’ என்னும் குற்றவாளியைப் பிடிப்பது அவளுக்கு இடப்பட்ட பணி. தேடிச் சென்றபின் தெரியவருவது, அவன் மனிதனே அல்லன் என்பது. வெளியுறவுத் துறையின் ஆறாம் பிரிவு மறைமுக வேலைகளுக்காக எழுதிய ஒரு கணினிச் செயல்நிரல், வலைப்பின்னலில் அலைந்து திரிந்து, தன்னைத் தானே உணர்ந்துகொண்டு, ‘நானும் ஓர் உயிர்’ என்று வாதாடி அடைக்கலம் கேட்கிறது.

இரு படங்களுக்கும் பொதுவான காட்சிகள் பல. உயர்ந்த மாளிகையின் உச்சியிலிருந்து மேஜர் பின்புறமாகச் சாய்ந்து விழுவது, செயற்கை உடல் உருவாக்கப்படுவது, ஆழமற்ற நீர்ப்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாமல் நின்று ஒருவனை அடித்து வீழ்த்துவது, கடலில் மூழ்கி எழுவது, சிலந்தி வடிவப் போர் ஊர்தியோடு பொருது தன் கையையே பிய்த்துக்கொள்வது ஆகிய எல்லாம் நடிப்புப்படத்தில் அப்படியே எடுத்தாளப்பட்டுள்ளன. சில இடங்களில் படப்பிடிப்புக் கருவி நிற்கும் கோணமும் மாறவில்லை. சாண்டர்ஸ் மூலத்தின்மீது கொண்டிருந்த மதிப்பு போலியானதன்று. நியூசிலாந்தின் வீட்டா பட்டறையார் செய்தளித்த எந்திர உடற்கூடும் கெய்ஷாப் பொம்மைகளின் முகங்களும், கைவினையின் சிறப்புக்காகவே பார்க்கத்தக்கவை.

ஆனால், குப்பை வண்டிக்காரன் வரும் காட்சியை இரு படங்களிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஓவியப்படத்தில் அவன் மிக எளிய மனிதன். மனைவி மணவிலக்குக் கேட்கிறாள். அவள் மனத்தை அறியத்தான் பொதுத் தொலைபேசி வழியாக அவள் மூளைக்குள் நுழைய முயல்கிறான். அப்படித்தான் அவன் நம்புகிறான். உண்மையில் அவனைக் கருவியாக வைத்து வேறொருவர் மூளைக்குள் ஊடுருவல் நடைபெறுகிறது. பிடிபட்டபின் அதிகாரி அவனுக்கு மெல்ல விளக்குகிறார்: அவனுக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை, பத்தாண்டுகளாகத் தனி அறையில் வாழ்பவன் அவன். தேவதை போன்ற தன் மகளின் படம் என்று அவன் தோழனிடம் காட்டிய நிழற்படத்தில் இருப்பவன் அவனே. அருகில் ஒரு நாய். இந்தப் பொய் நினைவை அழித்துவிட முடியுமா என்று அவன் கேட்கிறான். முழுமையாக அழிக்க இயலாது என்று விடை வருகிறது. கண்ணாடிக்கு அப்பால் நின்று மேஜர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் பேசுவதில்லை. அவளுக்கும் அவனுக்கும் உள்ள தொலைவு அந்தக் கண்ணாடியின் பருமன்தான் என்பதைப் பார்வையாளர் தாமே உணர்ந்துகொள்ளுமாறு ஓஷீ விட்டுவிடுகிறார். அவளுடைய நினைவுகள் மெய்யா பொய்யா என்பது படம் முடியும்வரை தெரிவிக்கப்படுவதில்லை.

நடிப்புப்படத்திலும் இவன் வருகிறான். இல்லாத மகளைப் பற்றிப் பேசுகிறான். உண்மை அறிந்து துடிக்கிறான். காட்சி உருக்கமாகவே அமைந்துள்ளது. ஆனால், இங்கே அது ஒரு துப்பு மட்டுமே. மேஜருடைய நினைவுகளும் இப்படிப் புகுத்தப்பட்டவையாக இருக்கலாம் என்பதை முன்கூட்டி உணர்த்தும் குறிப்பாக அது பயன்படுகிறது. பின்னர் அது உறுதியும் ஆகிறது. மிரா கிலியன் என்னும் பெயர் பொய். அகதிகளின் படகு தாக்கப்பட்டுப் பெற்றோர் இறந்தனர் என்ற கதை பொய். அவள் வீட்டை விட்டு ஓடிய மோத்தோகோ என்னும் ஜப்பானியப் பெண். ஹான்கா என்னும் நிறுவனம் அவளைப் பிடித்து வந்து மூளையை எடுத்து இந்த உடலில் பொருத்தியது. பொம்மலாட்டக்காரனின் இடத்தில் வரும் கூசே என்பவனும் அதே ஆய்வுக்குப் பலியாகிக் கைவிடப்பட்டவன். ஒரு காலத்தில் அவள் காதலன்.

ஓவியப்படத்தில் ‘நினைவை நம்பி நான் என்று சொல்ல முடியுமா?’ என்று நின்ற வினா, நடிப்புப்படத்தில் ‘என் நினைவைத் திருடியவன் யார்?’ என்று மாறிவிடுகிறது. முதல் வினாவுக்கு விடை காண்பது கடினம். இரண்டாம் வினாவுக்கு விடை, கட்டர் என்னும் கொடிய நிறுவனத் தலைவன். அவனைச் சுட்டுவிட்டால் கதை முடிந்துவிடும், முடிந்தும் விடுகிறது. தத்துவச் சிக்கல் ஒரு குற்றவழக்காகச் சுருங்கிப்போவதே இம்மாற்றத்தின் முதல் இழப்பு எனலாம்.

மற்றுமொரு முரண்பாடும் நோக்கத்தக்கது. நினைவுகள் மனிதரை வரையறுப்பதில்லை, செயல்களே வரையறுக்கின்றன என்னும் கருத்தை நடிப்புப்படம் வாய்விட்டுச் சொல்கிறது. அதையே தன் முடிபாகவும் காட்டிக்கொள்கிறது. ஆனால், கதையோட்டமோ முழுவதும் நினைவை மீட்பதிலேயே நிற்கிறது. பெயர் கிடைக்கிறது, ஊர் கிடைக்கிறது, தாய் கிடைக்கிறாள், கல்லறையும் கிடைக்கிறது; அதன்பின்தான் அவள் மனம் அமைதி அடைகிறது. சொல் ஒருபுறமும் கதை ஒருபுறமுமாக இழுக்கும் இத்தகைய படைப்பில், பார்வையாளர் மனத்தில் தங்குவது கதையே.

ஓவியப்படத்தின் இறுதிப் பகுதி இதற்கு முற்றிலும் மாறானது. சிதைந்து கிடக்கும் மேஜரும் சிதைந்து கிடக்கும் பொம்மலாட்டக்காரனும் பாழடைந்த அருங்காட்சியகத்தின் தரையில் அருகருகே கிடக்கின்றனர். அவன் ஒரு கோரிக்கை வைக்கிறான். தன்னால் தன்னைப் படி எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் படி என்பது பிள்ளையன்று. எல்லாப் படிகளும் ஒன்றுபோல் இருப்பதால் ஒரே கிருமி எல்லாவற்றையும் அழித்துவிடலாம். உயிர் நிலைப்பதற்கு வேறுபாடு வேண்டும். வேறுபாட்டிற்கு இரண்டு வேண்டும். பிறப்போடு இறப்பும் வேண்டும். ஆகவே அவளோடு கலந்துவிட விரும்புகிறான். கலந்தபின்னும் தான் தானாகவே இருப்பதற்கு என்ன உறுதி என்று மேஜர் கேட்கிறாள். உறுதி ஏதும் இல்லை என்கிறான். இருப்பதுபோலவே இருக்கவேண்டும் என்னும் ஆசைதான் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அவன் வாதம். வலையில் பிறந்த ஒரு செயல்நிரல் சாவை வேண்டுகிறது. சாவைக் கடந்த உடல் பெற்றவள் தன்னை இழக்க அஞ்சுகிறாள். இந்த இருவரும் எதிரெதிரே வைக்கப்படும் அமைப்பு ஓஷீயும் இத்தோவும் கண்ட பெரிய வெற்றி. அருங்காட்சியகச் சுவரில் உயிரினங்களின் கிளைமரம் செதுக்கப்பட்டிருக்கிறது. போர் ஊர்தியின் குண்டுகள் அடியிலிருந்து அதைத் துளைத்துக்கொண்டே சென்று, உச்சியில் உள்ள மனிதனுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகின்றன. வசனம் சொல்லாததை அந்தச் சுவர் சொல்கிறது.

மேஜர் இசைகிறாள். நடிப்புப்படத்தின் மேஜர் மறுக்கிறாள். கூசே தன்னோடு வந்துவிடுமாறு அழைக்கும்போது, தான் இருக்கவேண்டிய இடம் இவ்வுலகமே என்று இருந்துவிடுகிறாள். காட்சி ஒன்றே, கிடக்கும் இருவரும் அவ்வாறே, மேலே வட்டமிடும் வானூர்தியும் அதுவே. விடை மட்டும் ‘ஆம்’ என்பதிலிருந்து ‘இல்லை’ என்று மாறியிருக்கிறது. இந்த ஒரு சொல் மாற்றத்தால் இரு படங்களும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்சியாகிவிடுகின்றன.

இந்த ‘ஆம்’ என்பதை ஓவியப்படம் தொடக்கத்திலேயே இசையால் நட்டுவிடுகிறது. செயற்கை உடல் உருவாகும் முதற்காட்சியில் பெண்கள் குழுவாகப் பாடும் பாடல், பழைய ஜப்பானிய மொழியில் அமைந்த திருமணப் பாடல். பல்கேரிய நாட்டுப்புறக் குழுப்பாடலின் இசைவை மனத்திற் கொண்டு, ஜப்பானிய நாட்டுப்பாடகியரைக் கொண்டே கவாய் அதைப் பாடவைத்தார். பிறப்பைக் காட்டும் இடத்தில் திருமணப் பாடல் ஏன் என்பது முதன்முறை பார்ப்போர்க்கு விளங்காது. அதே பாடல் நடுவில் நகரக் காட்சியின்போது மீண்டும் ஒலிக்கிறது. மூன்றாம் முறை ஜப்பானிய மூலத்தின் இறுதியில், கலப்பு நிகழ்ந்தபின் வருகிறது. இந்த மூன்றாம் பாடலின் பெயர் ‘மறுபிறப்பு’ என்று பொருள்படும். மணம் முடிந்தபின்தான் மணப்பாட்டின் பொருள் விளங்குகிறது. ஆங்கிலப் பதிப்பில் இறுதிப் பாடலை நீக்கிவிட்டு மேலைநாட்டு இசைக்குழு ஒன்றின் பாடலைச் சேர்த்திருந்தனர். அதைப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பு முழுமையாகக் கிட்டவில்லை.

நடுவில் வரும் அந்த நகரக் காட்சியைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்கு மேல் கதை நகர்வதில்லை. ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. நகரம் ஹாங்காங்கை மாதிரியாகக் கொண்டு வரையப்பட்டது. கால்வாய்களில் படகுகள் செல்கின்றன, சீன எழுத்துப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன, 1998இல் மூடப்பட்ட காய் தாக் நிலையத்தில் இறங்கும் வானூர்திகள்போல, கட்டடங்களை உரசுமளவு தாழ்வாக வானூர்தி கடக்கிறது, மழை பெய்கிறது, மஞ்சள் குடை பிடித்த சிறார் ஓடுகின்றனர். படகில் செல்லும் மேஜர் ஓர் உணவுக்கடையின் மாடிச் சன்னலில் தன் முகமே கொண்ட வேறொரு பெண்ணைக் காண்கிறாள். கடைக் கண்ணாடிக்குள் துணி உடுத்திய பொம்மைகள் நிற்கின்றன. அவ்வளவே. தன் முகம் தனக்கு மட்டும் உரியதன்று, தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட பலவற்றுள் ஒன்று என்னும் பேருண்மை ஒரு பார்வையில் வந்து போய்விடுகிறது. எந்தச் சொற்பொழிவும் இதைச் செய்திருக்க முடியாது.

நடிப்புப்படக் குழுவினர் ஹாங்காங்கிற்கே சென்று சில பகுதிகளைப் படமாக்கினர். ஆனால், அந்நகரத்தின்மீது வானளாவிய ஒளியுருவ விளம்பரங்களை அடுக்கிவிட்டனர். கண்ணுக்கு விருந்துதான், மனத்திற்கு வேலையில்லை. ஓஷீயின் நகரம் கதைத்தலைவியின் மனநிலையைக் காட்டும் கண்ணாடி. சாண்டர்ஸின் நகரம் அவள் பின்னால் தொங்கும் திரைச்சீலை.

வடிவத்தின் இயல்பால் வந்த வேறுபாட்டையும் மறத்தலாகாது. ஓவியத்தில் அனைத்துமே வரையப்பட்டவை; மனிதரும் பொம்மையும் ஒரே கோட்டினால் ஆனவர்கள். ஓஷீயின் மேஜர் அரிதாகவே கண்ணிமைக்கிறாள். அவள் உயிருள்ளவளா, பொம்மையா என்னும் ஐயம் ஒவ்வொரு சட்டத்திலும் தொடர்வதற்கு அதுவே போதுமானதாகிறது. நடிகை ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்கும்போது, மூச்சும் தோலும் கண்ணீரும் உடன் வந்துவிடுகின்றன. ஜொஹான்சன் தோளை முன்தள்ளி, கனத்த அடி வைத்து நடந்து, தனக்குப் பழகாத உடலுக்குள் இருப்பவள்போல் காட்ட முயன்றிருக்கிறார். அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும், அவர் மனிதர்தாம் என்பதைப் பார்வையாளர் ஒரு கணமும் மறப்பதில்லை. ஐயம் எழாத இடத்தில் வினாவும் எழாது. இக்குறையை நடிகைமீது சுமத்துவது முறையன்று.

அவரைத் தேர்ந்தெடுத்ததுபற்றி எழுந்த பூசல் வேறு வகையானது. ஜப்பானியப் பாத்திரத்தை வெள்ளையருக்குக் கொடுத்தது ஆசிய நடிகர்க்கு இழைத்த அநீதி என்று அமெரிக்காவில் வாழும் ஆசியர் பலர் கண்டித்தனர். மூலப்படத்தின் இயக்குநர் ஓஷீயோ, மேஜரின் உடல் அவளுக்கு வாய்த்த ஒரு கூடே ஆதலின், இன்ன இனத்து நடிகைதான் நடிக்கவேண்டும் என்பதற்குக் காரணமில்லை என்று கருத்துரைத்தார். அவருடைய படத்தைப் பொறுத்தவரை அது சரியான வாதமே. ஆனால், சாண்டர்ஸின் படத்திற்கு அது பொருந்தாது. ஏனெனில் இப்படமே, ஜப்பானியப் பெண்ணின் மூளையை அவள் இசைவின்றி வெள்ளை உடலில் வைத்து, பெயரையும் மாற்றினார்கள் என்று கதை சொல்கிறது. கதைக்குள் குற்றம் என்று காட்டப்படுவதைக் கதைக்கு வெளியே தயாரிப்பாளர் செய்திருக்கின்றனர். இதை உணர்ந்து, அந்த வலியை எடுத்துப் பேசியிருந்தால் படம் வேறோர் உயரத்தை எட்டியிருக்கும். பேசாமல் நழுவிவிட்டது.

குறைகளை மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. நடிப்புப்படத்தில் மூலத்தில் இல்லாத ஒரு காட்சி உண்டு. மேஜர் ஓர் அடுக்ககத்தின் சிறு வீட்டுக்குச் செல்கிறாள். காவோரி மோமோய் நடித்த முதிய தாய் கதவைத் திறக்கிறார். யாரென்று தெரியாத விருந்தாளிக்குத் தேநீர் தருகிறார். ஓடிப்போன மகளைப் பற்றிச் சொல்கிறார். அவள் இறந்துவிட்டதாகச் சொல்லிச் சாம்பலைக் கொடுத்தார்கள் என்கிறார். பேசிக்கொண்டே எதிரில் இருப்பவளின் பார்வையைக் கவனிக்கிறார். முகம் வேறு, குரல் வேறு. ஆனாலும் ஏதோ ஒன்று தாய்க்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. இக்காட்சியில் ஒளியுருவங்கள் இல்லை, துப்பாக்கி இல்லை, மூலத்தைப் பின்பற்றவேண்டும் என்னும் கவலையும் இல்லை. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே. படியெடுத்த காட்சிகள் எல்லாம் நிழலாகத் தோன்ற, தானே கண்டெடுத்த காட்சி உயிரோடு நிற்கிறது. உயிரைக் கூட்டிலிருந்து அறிவதா, உறவிலிருந்து அறிவதா என்னும் புதிய வினாவை இங்கிருந்து தொடங்கியிருக்கலாம். தனக்குரிய வினாவை எதிர்பாராமல் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த நிமிடமே துப்பாக்கிச் சண்டைக்கு ஓடிவிடுவது இரங்கத்தக்கது.

வேறொன்றும் குறிப்பிடத்தக்கது. ஒன்பதாம் பிரிவின் தலைவர் அராமாகியாக நடித்த தாகேஷி கித்தானோ படம் முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறார். மற்றவர்கள் ஆங்கிலத்தில் விடை கூறுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. மேலைநாட்டார் சிலர்க்கு இது விந்தையாகப் பட்டிருக்கலாம். ஒருவர் மலாயிலும் மற்றவர் தமிழிலும் பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடும் மலேசிய, சிங்கப்பூர் வாசகர்க்கு இதில் விந்தையில்லை. தோகுசா என்னும் காவலராக நடித்தவர் சிங்கப்பூரில் பிறந்த சின் ஹான் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மூலத்தில் தோகுசா முக்கியமானவன். ஏறக்குறைய முழு மனிதனாகவே எஞ்சியிருப்பவன், மனைவி மக்கள் உள்ளவன். ஆதலின் மேஜருக்கு எதிர்நிலையாக நிற்கிறான். அவருக்கு நடிப்புப்படத்தில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

இறுதிக் காட்சிகளை ஒப்பிட்டால் இரு படங்களின் போக்கும் விளங்கும். ஓவியப்படத்தில் மேஜரின் உடல் சுட்டுத் தகர்க்கப்படுகிறது. தோழன் பாத்தோ அவள் மூளையைக் காப்பாற்றி, அவசரத்தில் கிடைத்த சிறுமியின் உடலில் பொருத்துகிறான். விழித்தெழுபவள் மேஜரும் அல்லள், பொம்மலாட்டக்காரனும் அல்லள். அதை அவளே அமைதியாகச் சொல்லிவிட்டு, இரவு விளக்குகள் எரியும் நகரத்தை மேட்டிலிருந்து நோக்கி, எங்கே செல்வது என்று எண்ணி நிற்கிறாள். தாய் இல்லை, கல்லறை இல்லை, பழைய பெயரும் இல்லை. நடிப்புப்படத்தில் மேஜர் தன் பெயர் பொறித்த கல்லறையருகே தாயைச் சந்தித்து, இனி இங்கு வரவேண்டியதில்லை என்று தேற்றுகிறாள். பின்னர் பழைய உடலோடும் பழைய பதவியோடும் மாடி உச்சியில் நின்று, ஆணை கிடைத்ததும் தொடக்கத்தில் விழுந்ததுபோலவே மீண்டும் விழுகிறாள்.

அதன்பின் பெயர்கள் திரையில் ஓடும்போது, கவாயின் திருமணப் பாடல் ஒலிக்கிறது. மூலத்தை நேசித்தவர்களுக்குச் செய்த மரியாதையாகவே அது சேர்க்கப்பட்டிருக்கவேண்டும். ஆனால், இந்தக் கதையில் மணமகள் மறுத்துவிட்டாள். ஜப்பானில் இப்படம் வெளியானபோது ஜொஹான்சனுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்தவர், 1995இல் மேஜருக்குக் குரல் கொடுத்த அத்சுகோ தனாக்கா. 2024இல் மறைந்த அவரது குரலில், ஜப்பானியப் பார்வையாளர் அந்த மறுப்பைக் கேட்டனர்.